ஊறிய பலகையை மட்டும் மாற்றலாம்: லேமினேட் தரைப் பழுதில் நான் கற்றவை

லேமினேட் தரையில் ஒரு பலகை உப்பிப்போனால், அறை முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்றுதான் பெரும்பாலான குத்தகையாளர்கள் சொல்வார்கள். ஒரே ஒரு பலகைக்காக லோரியைக் கிளப்பி ஆளனுப்புவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அவர்கள் பக்கம் அது நியாயம்தான். ஆனால் கெட்டுப்போன பலகையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் இன்னொன்றைப் பொருத்த முடியும். ஜொகூர் பாருவிலும் மாசாயிலும் ஸ்கூடாயிலும் சொந்தபந்தங்களின் வீடுகளில் இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். என் வீட்டிலும் செய்திருக்கிறேன்.

நான் தச்சன் இல்லை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். இயந்திரம் நின்றுபோனால், உதிரிபாகத்தை மாற்றும் முன் அது ஏன் போனது என்று கேட்கப் பழகியவன். தரைக்கும் அதே கேள்விதான். பலகையை வெட்டிப் பொருத்துவது ஒரு பிற்பகல் வேலை. அது ஏன் ஊறியது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நாள் பிடிக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் ரம்பத்தைக் கையில் எடுப்பவர், அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடி முட்டி போட்டு உட்கார வேண்டிவரும்.

காலடியில் இருப்பது என்ன?

லேமினேட் பலகை பார்வைக்குத்தான் மரம். உள்ளே நான்கு அடுக்குகள். அடியில், பலகை வளையாமல் பிடித்துவைக்க ஒரு தாள். நடுவில், மரநாரைப் பிசினோடு கலந்து சூட்டில் அழுத்திய எச்.டி.எஃப். பலகை. அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள். எல்லாவற்றுக்கும் மேலே, அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்த மெலமின் பூச்சு. நாற்காலியை இழுத்தாலும் கீறல் விழாமல் காப்பது இந்தப் பூச்சுதான்.

இதை 1977இல் உருவாக்கியது சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம். பெர்கோ என்ற லேமினேட் பிராண்டின் பெயர் அங்கிருந்து வந்ததே. ஆரம்பத்தில் பலகைகளைப் பசை போட்டுத்தான் ஒன்றோடு ஒன்று ஒட்டினார்கள். 1990களின் பிற்பாதியில் சுவீடனின் வலிங்கே, பெல்ஜியத்தின் யூனிலின் ஆகிய நிறுவனங்கள் பசையில்லாமல் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தன. இன்று நம் வீடுகளில் கிடப்பது பெரும்பாலும் அந்தப் பூட்டுப் பலகைதான். நடுவில் ஒரு பலகையை வெட்டி மாற்றும்போது மட்டும் பூட்டின் ஒரு பகுதியை இழந்து, பழையபடி பசைக்குத் திரும்புகிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வேலை எளிதாகப் புரியும்.

எம்.டி.எஃப்., எச்.டி.எஃப். போன்ற நார்ப்பலகைகளுக்கு மலேசியாவில் முக்கிய மூலப்பொருள் ரப்பர் மரம். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரங்களை ஒரு காலத்தில் விறகாக எரித்தார்கள். இப்போது அரைத்துப் பலகையாக்குகிறார்கள். இந்தத் தொழிலில் பெரிய பெயரான எவர்கிரீன் ஃபைபர்போர்டு நிறுவனத்தின் தலைமையகம், நம் ஜொகூரில் பத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில்தான் இருக்கிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்கள், பாட்டன் பாட்டி வெட்டிய பால்மரத்தின் நார்மேலேயே இன்று நடந்துகொண்டிருக்கவும் கூடும்.

இந்த நார்ப்பலகையின் பலவீனம் ஒன்றே ஒன்று: தண்ணீர். மேல்பூச்சில் சிந்திய தண்ணீரை உடனே துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் இணைப்பு வழியாகவோ அடிப்பக்கமிருந்தோ ஈரம் ஏறினால், அழுத்தி வைக்கப்பட்ட நார் தேநீரில் நனைத்த பிஸ்கட்டைப் போல உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, ஏனென்றால் நாரைப் பிடித்திருந்த பிசின் பிணைப்பு அறுந்துவிட்டிருக்கும். எடை வைத்தால் அமுங்கும், தேய்த்தால் சரியாகும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். உப்பிய பலகையை மாற்றத்தான் வேண்டும்.

முதல் வேலை: தண்ணீர் வரும் வழியைப் பிடிப்பது

ஜொகூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை வேறு. அதனால் ஈரத்துக்கு இங்கே ஒரு காரணம் மட்டும் இருப்பதில்லை. நான் பார்த்த வீடுகளில் திரும்பத் திரும்ப வந்த காரணங்களைச் சொல்கிறேன்.

*ஏர்கான் வடிகுழாய்.* படுக்கையறைச் சுவரோரம் பலகை உப்பியிருந்தால் முதலில் மேலே பாருங்கள். ஏர்கானிலிருந்து வரும் தண்ணீரை வெளியேற்றும் குழாயில் பாசிபோல வழவழப்பான அழுக்கு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பின்வாங்கிச் சுவர் வழியே இறங்கி ஸ்கர்ட்டிங் பலகைக்குப் பின்னால் போய்விடும். கண்ணுக்குச் சொட்டு தெரியாது, தரைதான் காட்டிக்கொடுக்கும். ஏர்கான் சுத்தம் செய்ய வருபவரிடம் "வடிகுழாயையும் ஊதி விடுங்க தம்பி" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

*குளியலறை வாசல்.* படுக்கையறையோடு சேர்ந்த குளியலறையின் கதவை ஒட்டி இரண்டு மூன்று பலகைகள் கறுத்து உப்பியிருந்தால், பெரும்பாலும் குளியலறைத் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டிருக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. தரையின் தண்ணீர் போகும் வாயை அடைத்துவிட்டு, வாசல் திட்டுக்குக் கீழே நிற்கும்படி ஓர் அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் குறைந்தாலோ, படுக்கையறைப் பக்கம் ஈரம் புதிதாக வந்தாலோ விடை கிடைத்துவிட்டது. பூச்சைச் சரிசெய்யாமல் பலகை மாற்றுவது வீண்.

*முன்வாசல்.* வெள்ளிக்கிழமை காலையில் வாசலைக் கழுவிக் கோலம் போடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. வாசற்படியைத் தாண்டி வரவேற்பறைக்குள் வழியும் அந்தத் தண்ணீர் முதல் வரிசைப் பலகைகளைத் தின்றுவிடும். சாமி அறையில் அபிஷேகத் தண்ணீர் சிந்தும் இடமும் அப்படித்தான். வழக்கத்தை விட வேண்டாம். வாசலை ஒட்டி ஒரு வரிசை டைல்ஸ் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு லேமினேட் தொடங்கினால் போதும்.

*ஈரத் துடைப்பம்.* டைல்ஸ் தரையைப் பிழியாத மாப்பால் துடைத்துப் பழகிய கை, லேமினேட்டையும் அப்படியே துடைக்கும். இங்கே உப்பல் ஓரிடத்தில் இருக்காது. பல பலகைகளின் இணைப்புகள் ஒரே சீராக விளிம்பு தூக்கி நிற்கும்.

*அடித்தரை.* பழைய தாமான்களில் தரைத்தளக் காங்கிரீட் அடியில் ஈரத்தடுப்புத் தாள் கிழிந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மண்ணின் ஈரம் மேலே ஏறும். ஒன்றரை அடிச் சதுரமாகப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, காங்கிரீட்மேல் வைத்து, நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கடியில் வியர்த்திருந்தாலோ காங்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது என்று பொருள்.

*கரையான்.* இது தண்ணீர் அல்ல, ஆனால் ஈரம் இருக்கும் இடத்தைத் தேடி வருவது. தீபகற்ப மலேசியாவின் வீடுகளை அதிகம் தாக்கும் இனமான கோப்டோடெர்மஸ் கெஸ்ட்ரோய்க்கு நார்ப்பலகை நல்ல தீனி. தட்டினால் வெற்று ஒலி, ஸ்கர்ட்டிங் ஓரத்தில் மண்கோடு, அழுத்தினால் உள்ளே போகும் மேல்தாள் ஆகியவை அடையாளம். தம்பி முறை உறவினர் ஒருவர், "அண்ணே, பார்த்த உடனே ஸ்ப்ரே அடிச்சுட்டேன், எல்லாம் ஓடிருச்சு" என்று பெருமையாகச் சொன்னார். ஓடியவை சாகவில்லை, சுவருக்குள் வேறு வழி பார்த்துக்கொண்டன. உயிரோடு கரையானைக் கண்டால் பலகையைக் கலைக்காமல் மூடிவைத்து, பூச்சி ஒழிப்பாளரை அழையுங்கள். இரைப்பெட்டி வைக்கும் முறையில் அவை அங்கேயே தின்றுகொண்டிருந்தால்தான் மருந்து புற்றுவரை போகும்.

பழுதை யார் பொறுப்பில் சரிசெய்வது?

கையை வைக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். வீட்டு மேம்பாட்டாளரிடமிருந்து சாவி வாங்கி 24 மாதம் ஆகவில்லை என்றால், வீடு இன்னும் குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தில் இருக்கிறது. குளியலறைக் கசிவு, சுவர் வெடிப்பு போன்றவற்றை எழுத்துவழியாகத் தெரிவித்தால் 30 நாளுக்குள் சரிசெய்வது மேம்பாட்டாளரின் கடமை. நீங்களே உடைத்துப் பார்த்துவிட்டால் பிறகு வாதாடுவது சிரமம். படம் எடுங்கள், தேதி போட்டுக் கடிதம் கொடுங்கள், பிறகு காத்திருங்கள்.

இரண்டாவது, கொண்டோவிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்களுக்கு. 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டப்படி, ஒரு வீட்டின் கூரையில் ஈரம் கண்டால், எதிரான சான்று இல்லாதவரை கோளாறு மேல்வீட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும். உங்கள் தரை ஊறியிருக்கும்போது கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும் முன், நீங்களே போய் அவர் கூரையைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ரம்பம் ஓட்ட அனுமதிக்கப்பட்ட நேரத்தையும் நிர்வாக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டலாமா, கழற்றலாமா, விட்டுவிடலாமா?

கெட்ட பலகை சுவரிலிருந்து இரண்டு மூன்று வரிசைக்குள் இருந்தால் வெட்டவே வேண்டாம். அந்தப் பக்க ஸ்கர்ட்டிங்கை மெல்ல நெம்பி எடுத்து, சுவரோரப் பலகையிலிருந்து ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தூக்கினால் பூட்டு விட்டுக்கொடுக்கும். பலகைகளின் முதுகில் பென்சிலால் எண் போட்டு வரிசையாக அடுக்கி வையுங்கள். கெட்டதை மாற்றிவிட்டு அதே வரிசையில் பூட்டிக்கொண்டு வாருங்கள். பூட்டு முழுமையாக இருக்கும், பசையும் தேவையில்லை. இதைவிட நல்ல பழுதுபார்ப்பு கிடையாது.

அறையின் நடுவில் ஒன்றிரண்டு பலகைகள் என்றால் வெட்டி மாற்றுவதுதான் வழி. சுவர்வரை பிரித்துக்கொண்டே போனால், பழைய பூட்டுகள் உடைந்து பழுது பெரிதாகும்.

அறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கெட்டிருந்தால் ஒட்டுப்போடுவதில் பொருளில்லை என்பது என் கணக்கு. வெள்ளம் புகுந்த வீடு என்றால் எதையும் யோசிக்க வேண்டாம், முழுவதையும் எடுத்துவிடுங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து மூழ்கிய கோத்தா திங்கியையும், 2023 மார்ச்சில் தத்தளித்த சிகாமட், பத்து பகாட், குளுவாங் வட்டாரங்களையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வெள்ளநீர் சாக்கடையோடு கலந்து வருவது, எலிக்காய்ச்சலைக் கொண்டுவருவது. அதில் ஊறிய நார்ப்பலகையைக் கழுவிச் சுத்தப்படுத்த முடியாது. ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்துக்கு டைல்ஸ்தான் சரி.

மாற்றுப் பலகை

கடைக்குப் போகும் முன் வீட்டைத் தேடுங்கள். தரை போட்டபோது மிஞ்சிய பலகை கட்டிலுக்கடியிலோ ஸ்டோர் அறையிலோ கிடக்கும். இல்லையென்றால், வெட்டி எடுக்கும் பலகையின் முதுகில் பிராண்டும் எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ரோபினா, இனோவார் போன்ற உள்ளூர் பிராண்டுகளின் விற்பனையாளர்களிடம் பழைய வடிவமைப்புகள் சில நேரம் ஒன்றிரண்டு பெட்டி தேங்கிக் கிடக்கும். நிறம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. கனமும் பூட்டின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். எட்டு மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாலும் பிராண்டுக்குப் பிராண்டு பூட்டு மாறும். பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே பூட்டிப் பாருங்கள்.

புதிய பலகை கிடைத்தாலும் வெயில் பட்டு மங்கிய பழைய தரைக்கு நடுவில் அது பளிச்சென்று தெரியும். அதற்கு ஒரு தந்திரம்: அலமாரிக்கோ கட்டிலுக்கோ அடியிலிருக்கும் பழைய பலகையைக் கழற்றிக் கண்ணில் படும் இடத்தில் போட்டுவிட்டு, புதியதை அலமாரிக்கடியில் ஒளித்துவிடுங்கள். அலமாரி சுவரோரமாக இருப்பதால் அந்தப் பலகையை வெட்டாமல் கழற்றிவிடலாம்.

பலகையை வாங்கியவுடன் பொருத்தாதீர்கள். எந்த அறையில் போடப் போகிறீர்களோ அங்கே 48 மணி நேரம் படுக்கவைத்துவிடுங்கள். கிடங்கின் ஈரத்துக்கும் ஏர்கான் அறையின் ஈரத்துக்கும் வேறுபாடு அதிகம். பலகை அறைக்குப் பழகிய பிறகே அளவெடுக்க வேண்டும்.

தேவையான கருவிகள்

- அதிர்வெட்டு மல்டிடூல், அல்லது வெட்டும் ஆழத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சிறு வட்ட ரம்பம்
- டிரில், 10 மில்லிமீட்டர் பிட்
- கூர்மையான உளி, சுத்தியல், இடுக்கி, பிளேடு கத்தி
- அளவுகோல், மூலைமட்டம், பென்சில், பெயின்டர் டேப்
- டி3 தரத்தில் உள்ள, ஈரம் தாங்கும் வெள்ளை மரப்பசை
- தூசி முகமூடி, கண்ணாடி, தூசி உறிஞ்சி
- எடைக்கு இரண்டு பத்துக் கிலோ அரிசி மூட்டை

சாதாரண வெள்ளைப் பசைக்கும் டி3க்கும் பாட்டிலில் பெரிய வேறுபாடு தெரியாது. ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயிடம் கேட்டு வாங்குங்கள். முகமூடியை விட்டுவிடாதீர்கள். நார்ப்பலகைத் தூசி மிக நுண்மையானது, அதில் பிசினும் கலந்திருக்கிறது. தரை ஈரமாக இருக்கும்போது மின்கருவியை ஓட்டாதீர்கள், எக்ஸ்டென்ஷன் வயரை ஈரத்தில் கிடக்க விடாதீர்கள். மேல்பூச்சிலுள்ள அலுமினியம் ஆக்சைடு பிளேடை வேகமாக மழுக்கும் என்பதால், கார்பைடு பல் வைத்த பிளேடு ஒன்றை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் முறை

ஒன்று: கெட்ட பலகையைச் சுற்றி, பக்கத்துப் பலகைகளின்மேல் பெயின்டர் டேப் ஒட்டுங்கள். ரம்பம் சறுக்கினாலும் கீறல் விழாது.

இரண்டு: கெட்ட பலகையின் நான்கு விளிம்பிலிருந்தும் ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி ஒரு செவ்வகம் வரையுங்கள். அதன் ஒவ்வொரு மூலையிலிருந்தும் பலகையின் வெளிமூலைக்குக் குறுக்காக ஒரு கோடு இழுங்கள்.

மூன்று: செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் 10 மில்லிமீட்டர் துளை போடுங்கள். வெட்டு எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தத் துளை பார்த்துக்கொள்ளும். பலகையின் கனத்தைத் தாண்டி டிரில் இறங்காமலிருக்க, பிட்டில் 8 மில்லிமீட்டரில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு: ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்குச் சரியாக அமைத்து, முதலில் ஒரு வேண்டாத துண்டில் சோதித்துவிட்டு, செவ்வகத்தை வெட்டுங்கள். கீழே ஃபோம் விரிப்பும் ஈரத்தடுப்புத் தாளும் இருக்கின்றன. அவற்றை அறுக்கக் கூடாது.

ஐந்து: நடுச்செவ்வகத்தைத் தூக்கி எடுங்கள். இப்போது பூட்டோடு நான்கு பட்டைகள் மட்டும் சட்டம்போல மிஞ்சும். மூலைக்கோடுகளை மல்டிடூலால் வெட்டி, கடைசி நூலளவை உளியால் முடியுங்கள். வெளிமூலையைத் தாண்டினால் பக்கத்துப் பலகையில் வெட்டு விழும். அதனால் அங்கே ரம்பம் வேண்டாம், கைதான் வேண்டும்.

ஆறு: ஒவ்வொரு பட்டையையும் இடுக்கியால் பிடித்து, மெல்ல மேலே சாய்த்து நடுப்பக்கம் இழுங்கள். வராவிட்டால் பட்டையை இன்னும் இரண்டாக வெட்டித் துண்டு துண்டாக எடுங்கள். பக்கத்துப் பலகையின் விளிம்பில் கருவியை ஊன்றி நெம்பக் கூடாது. அந்த விளிம்பு சில்லு விட்டால் மாற்ற வேண்டிய பலகை இரண்டாகிவிடும்.

இப்போது அடித்தரை தெரியும். ஃபோம் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தால் அந்த அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டு, புதிய துண்டை விளிம்போடு விளிம்பாக வைத்து டேப் ஒட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பலகை மேடு தட்டும். காங்கிரீட் ஈரமாக இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். மழைக்காலத்தில் சன்னலைத் திறந்துவைத்து எதையும் காயவைக்க முடியாது. அறையை மூடி, ஏர்கானை 'டிரை' நிலையில் ஓடவிட்டு, விசிறியைக் குழிப்பக்கம் திருப்பிவையுங்கள். பிளாஸ்டிக் தாள் சோதனையில் வியர்வை நிற்கும்வரை பலகை போட வேண்டாம். சில வீடுகளில் இது வாரக்கணக்கில் இழுக்கும். வீட்டுக்காரர்கள் பொறுமையிழப்பது இந்தக் கட்டத்தில்தான்.

புதிய பலகையைத் தயார்செய்தல்

ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நீளப் பக்கத்திலும் ஒரு குட்டைப் பக்கத்திலும் நாக்கு நீட்டியிருக்கும். எதிர்ப்பக்கங்கள் இரண்டிலும் காடி இருக்கும். காடிக்கு மேலுதடு, கீழுதடு என்று இரண்டு. கீழுதடு சற்று நீளமாக இருக்கும், அதன் நுனியில் சிறு மேடு இருக்கும். பக்கத்துப் பலகையைப் பிடித்து வைத்திருப்பது அந்த மேடுதான். முழுப் பலகையை மேலிருந்து நேராகக் கீழே இறக்க விடாமல் தடுப்பதும் அதுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. நீளப் பக்க நாக்கை அப்படியே விட்டுவிடுங்கள். நீளப் பக்கக் காடியின் கீழுதட்டையும், குட்டைப் பக்கக் காடியின் கீழுதட்டையும் சீவி எடுங்கள். குட்டைப் பக்க நாக்கையும் சீவிவிடுங்கள். பிளேடு கத்தியால் பலமுறை கீறி, பிறகு உளியால் எடுத்தால் மேல்விளிம்பு சேதமாகாது. பலகையின் நீளத்தையோ அகலத்தையோ வெட்ட வேண்டியிருந்தால், வட்ட ரம்பத்துக்கும் ஜிக்சாவுக்கும் பலகையைக் கவிழ்த்துப் போட்டு முதுகுப்பக்கம் வெட்டுங்கள். மேல்தாள் பிசிறடிக்காது.

பசை போடும் முன் ஒருமுறை வெறுமனே வைத்துப் பாருங்கள். மேடு தட்டினாலும் இடைவெளி தெரிந்தாலும் இப்போதே சரிசெய்ய வேண்டும். பக்கத்துக் காடிகளுக்குள் பழைய துகள் ஒன்று கிடந்தாலும் பலகை உட்காராது. தூசி உறிஞ்சியை ஒருமுறை ஓட்டுங்கள்.

பொருத்துதல்

குழியைச் சுற்றியுள்ள பழைய பலகைகளின் நாக்குகள்மேலும், நீட்டியிருக்கும் கீழுதடுகள்மேலும் மெல்லிய கோடாகப் பசை இடுங்கள். அடியில் வழியாமலிருக்க இணைப்புகளுக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் பட்டை செருகி வைப்பது நல்லது. லேமினேட் மிதக்கும் தரை. பருவத்துக்குப் பருவம் விரியவும் சுருங்கவும் வேண்டும். எந்த இடத்திலும் அது காங்கிரீட்டோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது.

புதிய பலகையைச் சாய்வாகப் பிடித்து, நீளப் பக்க நாக்கைப் பக்கத்துக் காடிக்குள் நுழைத்து, மறுபக்கத்தை மெதுவாக இறக்குங்கள். கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள், காய்ந்தால் வராது. மேலே ஒரு தட்டையான பலகை வைத்து, அதன்மேல் அரிசி மூட்டைகளை ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள். அதுவரை யாரும் அந்தப் பக்கம் நடக்கக் கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் நாற்காலிகளை வேலிபோல நிறுத்திவையுங்கள்.

இரண்டு மூன்று பலகைகள் சேர்ந்தாற்போல் கெட்டிருந்தால், புதியவற்றை ஒன்றோடொன்று பூட்ட முடிந்த இடத்தில் பூட்டிவிட்டு, பூட்ட வழியில்லாமல் பழைய தரையைத் தொடும் விளிம்புகளுக்கு மட்டும் பசை பயன்படுத்துங்கள். பசை குறையக் குறையத் தரைக்கு நல்லது.

வேலை முடிந்த பிறகு

ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிய இடத்தில் சுவருக்கும் தரைக்கும் நடுவில் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சில வீடுகளில் அந்த இடைவெளியைச் சிமென்டோ சிலிகனோ அடைத்திருக்கும். பகலில் சன்னல் திறந்து, இரவில் ஏர்கான் ஓடும் நம் அறைகளில் பலகை விரிய இடமில்லாமல் நடுவில் கூடாரம்போலத் தூக்கிக்கொள்வதற்கு அதுவே காரணம். அப்படித் தூக்கிய தரைக்கு ஒரு பலகையை மாற்றுவது மருந்தல்ல. ஓரத்தைச் சீவி இடம் விட்டாலே பெரும்பாலும் தானாக அமர்ந்துவிடும்.

இப்படி மாற்றிய பலகை புதுத் தரையின் உறுதியோடு இருக்குமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: முழுப் பூட்டுக்கு ஈடாகாது, ஆனால் படுக்கையறைக்கும் வரவேற்பறைக்கும் தாராளமாகப் போதும். கனமான அலமாரியை அதன்மேல் இழுக்காதீர்கள், துடைப்பத்தை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். குளியலறை வாசலிலோ முன்வாசலிலோ ஒரே இடம் இரண்டாம் முறையும் ஊறினால் பிடிவாதம் வேண்டாம். அந்தப் பகுதியை டைல்ஸாக மாற்றுங்கள். சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் கலந்து செய்யும் எஸ்.பி.சி. பலகையும் நல்ல மாற்று. தண்ணீரில் அது உப்பாது.

புது வீடு வாங்கித் தரை போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், மிஞ்சிய பலகைகளில் குறைந்தது இரண்டையாவது கேட்டு வாங்குங்கள். பிராண்டு, வடிவமைப்பு எண், கனம், போட்ட தேதி ஆகியவற்றை அவற்றின் முதுகில் எழுதி, ஈரம் படாத இடத்தில் படுக்கவைத்துவிடுங்கள். ஐந்தாண்டு கழித்து அதே வடிவமைப்பு கடையில் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அந்த இரண்டு பலகைகள் கையில் இருந்தால், ஓர் அறைத் தரையையே மாற்றும் செலவு மிச்சமாகும்.